முதுகில் ஒட்டிய டேக்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், நான் சௌக்கியம்.

எங்கள் கிடங்கில் பெட்டிக்குப் பெட்டி ரேடியோ டேக் ஒட்டியிருக்கும். கூரையிலுள்ள ஆன்டெனா கழுத்தைத் திருப்பாது. நின்ற இடத்திலேயே மின்சாரத்தால் அலையை மூலை முடுக்கெல்லாம் திருப்பி, எது எங்கே என்று கையிலிருக்கும் திரையில் புள்ளி வைத்துவிடும்.

போன வாரம் ஒரு பெட்டியைத் தேடி அலைந்தேன். நான் போகுமிடமெல்லாம் புள்ளியும் கூடவே வந்தது! அதன் டேக் கழன்று என் முதுகில் ஒட்டியிருந்திருக்கிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவீர்களே, உங்கள் பிள்ளைதானே நான்! சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இது நல்லா இருக்கே!" என்றார். மறுநாளே எல்லார் சட்டையிலும் டேக் தைத்துவிட்டார்கள். அதிலிருந்து யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். தூங்கும்போது போட்டுக்கொள்ளத்தான். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒரே இடத்தில் மூன்று நிமிஷம் நின்றால் என் புள்ளி சிவப்பாகிவிடும். அதனால்தான் இதை நடந்துகொண்டே எழுதுகிறேன்.