நான்காவது டப்பா

ஆமணக்கு இலையைக் கிள்ளினால் வரும் பச்சை நெடி இன்னும் உன் நோட்டில் இருக்கிறது. உன் கைடு மேடம் கேட்டார் என்று இன்று காலை எடுத்தேன். உன் ஆராய்ச்சியை உன் பெயரிலேயே அச்சுக்கு அனுப்பப்போகிறாராம். நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஏழு மாதம்.

நோட்டைத் திறந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. நடக்கிறேன். கதவுவரை. திரும்ப.

திருப்பதி ஹாஸ்டலில் நம் அறை. ஜன்னலோரம் ஐந்து டப்பா. டப்பாவுக்கு எட்டுக் காவடிப்புழு. முதுகை வளைத்து வளைத்து நடக்கும். கூட்டுப்புழுவாகும்வரை ஓயாத பசி. இலையில் நரம்பு மட்டும் மிஞ்சும். புத்தூர்ப் பக்கம் உங்கள் நிலத்தில் ஆமணக்கு வரப்பை ஒட்டி ஒரு துண்டு ரோஜா. ஆமணக்கில் வளர்ந்த புழு ரோஜாவுக்கு மாறுமா? அடுத்த வருடம் சோதிக்க நினைத்திருந்தாய். "மாறாதுன்னு தெரிஞ்சா எங்க நைனா ரோஜாவுக்கு மருந்து அடிக்கிறதையே வுட்டுடுவார்டி."

நீ ஊருக்குப் போன நான்கு நாள், தீனி என் பொறுப்பு. "ஆமணக்கு மட்டும்தான் போடணும். கவித எழுதிக்கினு மறந்துடாத தாயே."

முதல் நாளே மழை. ஆமணக்கு வயல்வரை போகச் சோம்பல். நான்காவது டப்பாவுக்கு இலை போதவில்லை. ஹாஸ்டல் வாசலில் ரோஜா இருந்தது. அதன் இலையைப் பறித்துப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

நீ வரும் நாளன்று திறந்தேன். எட்டும் சுருங்கிக் கிடந்தன.

ஸ்டேஷன் பக்கத்து ஆமணக்குப் புதரில் அதே நீளத்தில் எட்டு பிடித்து வந்து போட்டேன்.

"இன்னாடி, என் புள்ளைங்க உன்ன வுட நல்லா துன்னுக்கினு கீதுங்க!" சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ எழுதினாய்: நான்காவது டப்பா, எட்டும் உயிருடன்.

உன் கேள்விக்குப் பதில், அல்லது பதிலின் நுனி, அப்போது என் குப்பைக்கூடையில் கிடந்தது.

இன்று மதியம் மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த வரியைப் பென்சிலால் அடித்தார். ஒரு டப்பாவை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்றார். பிறகு நிமிர்ந்து, "ரோஜா இலையைக் கடிச்சாவது பார்த்துச்சா? எத்தனாவது நாள் செத்துச்சு?"

நீயும் இதைத்தான் கேட்டிருப்பாய். கோபம் தணிவதற்கு முன்பே.

தெரியாது என்றேன்.

மூன்று நாள், என் மேஜையிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தது அந்த டப்பா. நான் மூடியைத் திறக்கவே இல்லை.