தரைக்கு என்ன நிறம்?

மார்கழி 21, சனி

காலையிலிருந்தே கணவாய்க் காற்று. வாசலெல்லாம் புழுதி. வாங்க வேண்டியது: தே. எண்ணெய், புளி, விளக்குத் திரி.

வாசல் நடைக்கும் சமையல்கட்டுக்கும் புதுத் தரை போடப் போகிறோமாம். இரண்டு வருஷமாக நச்சரித்தவள் நான்தான். இப்போது வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

பழையது வெறும் மண் தரை, சாணம் மெழுகியது. ஆனால் அடுப்புக்கு முன்னால் ஒரு பள்ளம், உரலருகே ஒரு மேடு. காலால் அவற்றைத் தடவித்தான் ஆவணியிலிருந்து சமைக்கிறேன். இடக் கண் போய்விட்டது. வலக் கண்ணிலும் புகை மூட்டம். இப்படிப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினால் தெரிகிறது.

அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் அடுப்படியிலிருந்து எழுப்பிவிடுவார். கண் போன அம்மாவை அப்படித்தான் மூலையில் உட்கார வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

மார்கழி 23, திங்கள்

சித்தூரிலிருந்து கொத்தனார். மாதிரி மூன்று: கடப்பைக் கல், சுட்ட ஓடு, சிமிட்டி. ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பார்த்தேன். ஓடு சொரசொரப்பு, மழைக்கு வழுக்காது, வாசலுக்கு அது என்றேன். சமையல்கட்டுக்கு வழவழப்பாகச் சிமிட்டி. எங்கே நிற்கிறேன் என்று கால் சொல்லிவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"சிமிட்டியில இந்த ரெண்டு நெறம் இருக்குது. எது புள்ள புடிச்சிருக்குது?" என்றார் அவர்.

"பச்சையே இருக்கட்டுங்க மாமா."

கொத்தனார் சிரித்தார். "அம்மிணி தமாசு பண்றாங்க. பச்சை ஏதுங்க இதுல? ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு."

நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்கழி 24, செவ்வாய்

ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என்னையே பார்த்தாரோ என்னவோ, எனக்கெப்படித் தெரியும். பயமாக இருக்கிறது. கொள்ளு ரசம் நன்றாக வந்தது.

தை 6, சனி

காற்று அடங்கியது. பத்து நாள் கொட்டகைச் சமையல் முடிந்தது. புதுத் தரை காய்ந்துவிட்டதாம், மிதிக்கலாமாம். சிவப்பாம்.

வாசலில் சொரசொரப்பு. நிலைப்படி தாண்டினால் வழவழப்பு. நினைத்தபடியே. அப்புறம் கட்டைவிரலில் ஏதோ தட்டியது. ஒரு கோடு, நூல் வைத்து அழுத்தினது. அதைப் பிடித்தே நடந்தேன். கோடு முடிகிற இடத்தில் அடுப்பு.

அழகுக்கென்றால் கட்டம் கட்டமாகப் போடுவார்களே, இதென்ன ஒற்றைக் கோடு என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"உங்கூட்டுக்காரரு சொன்னதுதானுங்க அம்மிணி. துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டு, வாசல்லருந்து அடுப்பு வரைக்கும் நாலு தடவை நடந்து பாத்தாருங்க. அப்பறந்தான் நூல் புடிக்கச் சொன்னாருங்க."

அடுப்பு மூட்டினேன். நன்றாக அழுதேன். புகையென்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

வாசலில் அவர் குரல். "ஏம்புள்ள, சோறு ஆயிருச்சா? பசிக்குது."

உலை கொதிக்கிறது. அரிசி போட வேண்டும்.