லாரியில் ஏறிய நூலகம்

மார்ச் 3
இன்று முதல் நான் மேஸ்திரி. வீடு, கடை எல்லாம் இடம் மாற்றிக்கொடுக்கும் எங்கள் கம்பெனியில் பழைய மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். "ஒரு வாரம் பார்க்கிறேன். சரிவரலைன்னா என் தம்பியைப் போட்டுடுவேன்" என்றார் முதலாளியம்மா. தம்பியா! மெத்தையைத் தூக்கச் சொன்னால் அதன்மேல் படுத்துக்கொள்கிற ஆள். தலைவனுக்கு வேண்டியது குரல். என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். நான்கு என்றே எழுதலாம்.

மார்ச் 4
நாற்பது உத்தரவு போட்டேன். "அண்ணே, மூச்சு எப்ப விடணும்னும் நீங்களே சொல்லிடுங்க" என்றார் டிரைவர். என்ன மரியாதை!

மார்ச் 5
பள்ளிக்கூட நூலகம் ஒன்று புதுக் கட்டடத்துக்குப் போகிறது. முந்நூறு பெட்டிப் புத்தகம், இரும்பு அலமாரிகள். அலமாரியை முதலில் ஏற்றச் சொன்னேன். எங்களில் மூத்தவர் ஒல்லியண்ணன் ஏதோ சொல்ல வந்தார். "சொன்னதைச் செய்ங்கண்ணே" என்றேன். செய்தார்கள். காலையில் இறக்க வேண்டியதுதான்.

மார்ச் 6
புதுக் கட்டடத்து வாசல். லாரிக் கதவைத் திறந்தால் விளிம்பு வரை புத்தகப் பெட்டி. அலமாரியெல்லாம் அதற்குப் பின்னால், உள்ளே! அலமாரியை நிறுத்தாமல் புத்தகத்தை எங்கே அடுக்குவது? அறையோ சின்னது. பெட்டிகளை இறக்கித் தெருவில்தான் வைக்கணும். வானம் கறுத்துக் கிடக்கு. நனைஞ்சா பிள்ளைகளோட புத்தகம் போச்சு, என் வேலையும் போச்சு.

'பாரம் சரியா உட்காரத்தான் அப்படி ஏத்தினேன்' — கதை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எனக்கா கதைக்குப் பஞ்சம்? ஆனால் ஐந்து பேரும் என் வாயையே பார்த்தார்கள். வந்தது வேறு.

"தப்பு என்னோடதுப்பா. ஒல்லியண்ணே, நேத்து என்ன சொல்ல வந்தீங்க?"

"அலமாரி கடைசியில ஏறணும்னுதான். அதை விடு இப்ப. பெட்டியெல்லாம் மாடிப்படியில அடுக்கலாம், படிக்கு நாலு. வரிசையா நின்னு கைமாத்துவோம்."

லாரிக்குள் நின்று தூக்குகிற இடம்தான் முதுகை முறிக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பெட்டியைக்கூடத் தரையில் வைக்கவில்லை. (எண்ணினேன், முந்நூறு இல்லை, நூற்றிருபதுதான். அதுவும் சும்மாவா?) கடைசிப் பெட்டி உள்ளே போனதும் கொட்டியது பார், ஆலங்கட்டி ஒவ்வொன்றும் தேங்காய் — சரி, கோலிக்குண்டு அளவு. ஒரு தாள் நனையலை! டிரைவர் மழையிலேயே ஆடினார். நானும்.

மார்ச் 7
விஷயம் முதலாளியம்மா காதுக்குப் போயிருக்கிறது. "யார் இப்படி ஏத்தினது?" நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்: "நாங்கதாம்மா ஏத்தினோம். நாங்களே நனையாம இறக்கியும் வெச்சோம்." ஒல்லியண்ணன், "மேஸ்திரி இவனே இருக்கட்டும்மா" என்றார். முதலாளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்."

இருக்கிறேன்!

மார்ச் 10
மூன்று மாடி வீடு. எது முதலில் ஏறணும் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அதற்கு மேல் பேச எனக்கு வேலையே இல்லை. நான்கு மணிக்கு லாரி காலி.

வீட்டுக்கு வந்தும் மெதுவாகத்தான் பேசினேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சா?"