அப்பா மேளத்தின் தோல்

தம்பி செனோபியோவுக்கு அக்கா பெர்பெத்துவா எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? கோக்கா இலை பறிப்பு முடிந்ததா? லா பாஸ் நகரத்துக் குளிரிலும் நான் நலம்தான். குடியிருந்த அறை மட்டும் மாறிவிட்டது, பயப்படாதே.

திருவிழா ஊர்வலத்துக்கு ஒத்திகை என்று வீட்டுக்காரியின் மகள் முகமெல்லாம் கரி பூசி, கையில் சாட்டையோடு வந்து நின்றாள்.

"பாட்டி, உங்க மேளத்தக் குடுங்க. இந்த வருஷம் நாங்க கறுப்பர் வேஷம்!"

"வேஷமாடி? என் மூஞ்சிக் கறுப்பு கழுவினாலும் போகாது. அந்தச் சாட்டை எங்க முதுகுல விழுந்ததுடி!"

"வாடகைக்கு இருக்குறவளுக்கு இவ்வளவு வாயா?" என்று தாய்க்காரி மேளத்தைத் தூக்கினாள்.

பண்ணையில் சவுக்கடி பட்ட அன்றும் அப்பா நம் கறுப்பு ஜனங்களின் சாயாப் பாட்டைப் பாடி அடித்த மேளம் அது. காய் நறுக்கும் கத்தியால் நானே தோலைக் கிழித்தேன். "இப்போ கொண்டுபோய் அடிங்கடி" என்றேன். அன்றே கிழிந்த மேளத்தோடு என்னைத் தெருவில் தள்ளினார்கள். அந்த இரண்டு முகங்களையும் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மேளத்துக்கு நல்ல ஆட்டுத்தோல் ஒன்று வேண்டும், கொஞ்சம் கோக்கா இலையும். ஊர்வலத்துக்கு முன்னால் வந்துசேர வேண்டும். அவர்கள் ஆடிக்கொண்டு போகும்போது, கரி பூசாத முகத்தோடு தெருமுனையில் நின்று அடிக்கப்போகிறேன். தோலை நீயே கொண்டுவா. நான் ஓரடி பாடினால், பதிலடி பாட இங்கே யார் இருக்கிறார்கள்?