ரசமட்டமும் தர்ம பாக்கெட்டும்

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பதாவது நாள். கை நடுங்குகிறது, ஆனால் நேற்றைவிடக் குறைவு. டைல்ஸ் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணி ஆனால் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

குடியை விட்ட கதையை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். நான் இருபத்திரண்டு வருடமாகத் தரை போடுகிறவன். உள் மூலையில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து வந்து வாசலில் முடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் நாள் பாடம். அன்று மத்தியானச் சாப்பாட்டோடு இரண்டு ஊற்றிக்கொண்டு போனவன், வாசலில் ஆரம்பித்து உள் மூலையில் முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அறை முழுக்க ஈரப் பசை. கடைசி டைல்ஸை வைக்க வேண்டிய இடத்தில் நானே நின்றுகொண்டிருந்தேன்.

காண்ட்ராக்டர் வாசலில் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை. "காயற வரைக்கும் அங்கயே இருங்க. உங்கள அடுத்த வேலைக்குக் கூப்பிடறதா வேணாமான்னு அதுக்குள்ள நானும் யோசிச்சிக்கறேன்" என்றார். ஒரு டைல்ஸ் அகலத்தில் குத்துக்காலிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். போதை இறங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அன்றோடு விட்டேன்.

மார்ச் 5, வியாழன்

என் மனைவிக்கு ஒரு வியாதி. காலை ஐந்தரைக்குக் குளியலறைத் தண்ணீரை வைப்பரால் தள்ளாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. சர்க், சர்க் என்று கால் மணி நேரம். போதையில் தூங்கிய காலத்தில் இந்தக் கச்சேரி என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது தினமும் இதுதான் எனக்கு அலாரம்.

"சுத்தப் பைத்தியம் முத்திப்போச்சு உனக்கு" என்றேன்.

ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா, முத்தித்தான் போச்சு" என்றாள்.

மார்ச் 7, சனி

குடிக்காமல் முதல் ஆட்டம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பூல் கிளப் என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அங்கே இருப்பது ஒரு டேபிள், ஒரு பார் கவுண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், பல் டாக்டர், பஸ் டிரைவர் என்று சனிக்கிழமை சாயங்காலம் வருகிற ஏழெட்டுப் பேர். ஃப்ரிட்ஜ் பக்கத்து மூலையில் இருக்கும் பாக்கெட்டுக்கு எங்கள் மத்தியில் தர்ம பாக்கெட் என்று பெயர். வேறெங்கோ போகக் கிளம்பிய பந்துகூடக் கடைசி நேரத்தில் மனசு மாறி அதில் போய் விழும். யாருக்கும் இல்லை என்று சொல்லாத பாக்கெட்.

ஃப்ரிட்ஜுக்கு மேலே மூன்று போட்டோ மாட்டியிருக்கிறது. வருடாவருடம் நடக்கும் ஜோடி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள். மூன்றிலும் நானும் மச்சானும்தான். மச்சான் என் மனைவியின் அண்ணன். மூன்றிலும் அவர் கோப்பையோடு சிரிக்கிறார், மூன்றிலும் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் இன்று எலுமிச்சை சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஐந்து ஆட்டம் தோற்றேன். பல் டாக்டர் ஒரு பந்தை அடிப்பதற்குள் அதற்கு மரப்பு ஊசி போட்டு, மரத்துப்போனதா என்று தட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடிப்பார். அவரிடம் நான் தோற்றதே கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

கண்ணை மூடினால் வெள்ளைப் பந்து. திறந்தால் மனைவி.

மார்ச் 14, சனி

இன்றைக்கு ஆறு தோல்வி. நன்றாகக் குறி வைக்கிறேன், கை ஆடவில்லை, சத்தியமாக ஆடவில்லை. பந்துதான் ஆடுகிறது.

மச்சான் ஒரு கிளாஸில் ஊற்றி என் பக்கமாக நகர்த்தினார். "ரெண்டு போட்டாத்தான் மாப்ள உனக்குக் கை நிக்கும். இது மருந்து மாதிரி. ஆட்டம் இருக்கற அன்னைக்கு மட்டும்."

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"ஏப்ரல் நாலு ஜோடி ஆட்டம். அதுவரைக்கும் பாக்கறேன். இப்படியே ஆடினா நான் பஸ் டிரைவர ஜோடி சேத்துக்குவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாத."

வருத்தம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? எனக்கு வேறு நண்பர்கள் கிடையாது. இந்தச் சனிக்கிழமை மூன்று மணி நேரம்தான் வாரத்தில் நான் சிரிக்கும் நேரம். அந்த கிளாஸ் கவுண்டர் மேலேயே இருந்தது. எடுத்தால் ஆட்டம் திரும்பும், மச்சான் திரும்புவார். இத்தனை நாள் பட்ட பாடு மட்டும் போய்விடும். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

குடிக்கவில்லை. வேறு செய்தி இல்லை.

மார்ச் 21, சனி

இன்று ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் நான் பந்தை அடிக்க மாட்டேன், அறைவேன். வேகமாகப் போகிற பந்துக்கு வழியில் மனசு மாற நேரம் கிடையாது. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பதமாகத் தட்டுகிறேன். மெதுவாகப் போகிற பந்து, சொன்ன பேச்சைக் கேட்காமல் ஃப்ரிட்ஜ் பக்கம் நழுவுகிறது. அப்படியானால் கோளாறு கையில் இல்லை.

வேலையிலிருந்து நேராகப் போயிருந்ததால் பை கூடவே இருந்தது. தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து டேபிள் நடுவில் வைத்தேன். குமிழி கோட்டைத் தாண்டி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"டேபிள் கோணலா இருக்கு மச்சான்."

கவுண்டரே அதிரும்படி சிரித்தார். "குடிச்சவனுக்குத்தான் எல்லாம் கோணலா தெரியும். குடிய விட்டவனுக்கும் தெரியுமா?" பஸ் டிரைவர் சிரித்ததில் சோடா மூக்கில் ஏறிவிட்டது. பல் டாக்டர் மட்டும் சிரிக்காமல் குனிந்து குமிழியைப் பார்த்தார்.

கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த ஓனரம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "கோணலா இருந்தா நீங்கதான் காரணம். நீங்கதானே சரிபண்ணினீங்க?"

"நானா? எப்போ?"

"நாலு வருஷம் இருக்கும். டேபிள் லேசா ஆடுதுன்னாங்க. மூணு பீர் உள்ள போயிருந்தது உங்களுக்கு. ரசமட்டம் எதுக்கு, என் கண்ணு போதும்னு சொல்லிட்டு கீழ படுத்து எதையோ சொருகினீங்க. எழுந்திருக்கத்தான் ரெண்டு பேர் வேண்டியிருந்தது."

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒரு துளிகூட. படுத்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வாசல் பக்கத்துக் காலுக்கு அடியில் கையகலத்துக்கு ஒரு டைல்ஸ் துண்டு. வெள்ளையில் நீலப் பூ.

அந்தப் பூ எனக்குத் தெரியும். அது என் வீட்டுக் குளியலறைக்கு அந்த வருஷம் நானே போட்ட டைல்ஸ்.

மார்ச் 22, ஞாயிறு

காலை ஐந்தரை. சர்க், சர்க்.

எழுந்து போய்க் குளியலறை வாசலில் நின்றேன். அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் போகிற துளை எதிர்ச் சுவரோரம் இருக்கிறது. தண்ணீரோ வாசல் பக்கம் குளம் கட்டி நிற்கிறது. தள்ளத் தள்ளத் திரும்பி வருகிறது. வைப்பரை வாங்கி வைத்துவிட்டு ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். வாட்டம் தலைகீழ். துளைப் பக்கம் சரிய வேண்டிய தரை, வாசல் பக்கம் சரிகிறது. இதைக் கண்டுபிடிக்க ரசமட்டம்கூட வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும். நாலு வருஷமா இதே தண்ணியிலதானே நானும் கால வெச்சேன்? எங்கடா போச்சு உன் கண்ணு?

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே. மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் நாளைக்குப் பாக்கலாம்னீங்க. நாலாவது தடவ சொல்றதுக்குப் பதிலா வைப்பர் வாங்கிட்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்த மாதிரிச் சொன்னாள். நான் இவளைப் பைத்தியம் என்றேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். நாலு வருஷம். முப்பத்தொரு வீடு. இந்த ஊரில் எத்தனை பேர் காலையில் எழுந்து என்னைத் திட்டிக்கொண்டே தண்ணீர் தள்ளுகிறார்களோ.

இன்னிக்கு வேணும்போல இருக்கு. பூலுக்காக இல்ல. இந்த நெனப்பு போறதுக்காக. ஒண்ணே ஒண்ணு.

அவளிடம் சொன்னேன். ஒரு கூடைப் பட்டாணியைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாள். உரித்தேன். கூடை காலியாகும்போது மணி ஒன்பது ஆகிவிட்டது. இந்த வீட்டில் அவ்வளவு பட்டாணியை யார் தின்பது?

மார்ச் 28, சனி

கிளப்பில் எல்லோரும் இருக்கும்போது விஷயத்தைச் சொல்லி, அந்தத் துண்டை உருவி எடுத்து, ரசமட்டத்தை வைத்து டேபிளைச் சரிசெய்தேன். குமிழி நடுவில் நின்றது. கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் கலவரம். தர்ம பாக்கெட்டை நம்பியே ஆடிப் பழகிய கூட்டத்துக்கு ஒரு பந்தும் விழவில்லை. பஸ் டிரைவர் ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நல்லா இருந்த டேபிளக் கெடுத்துட்டாரு" என்றார். பல் டாக்டருக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. மூன்று வருடமாக மெதுவாக அடித்துத் தோற்றவர் அவர்தானே.

மச்சான்தான் தாங்கவில்லை. "அந்த மூணு போட்டோவையும் கழட்டித் தலையில வெச்சுக்கிட்டுப் போ. நாம ஜெயிச்சதெல்லாம் திருட்டுன்னு ஊருக்கே சொல்லிட்டியே!"

"திருட்டுன்னு சொல்லல மச்சான். டேபிள் எல்லாருக்கும் ஒரே கோணல்தானே?"

"பேசாத. நாலாம் தேதி வா. பஸ் டிரைவர் இந்த டேபிள்ல ஆட மாட்டாராம். உன்ன விட்டா எனக்கு ஆள் இல்ல."

ஆக, ஜோடி பிழைத்தது. பிழைத்த விதம்தான் கொஞ்சம் ஒரு மாதிரி.

ஏப்ரல் 4, சனி

கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து. எட்டாம் நம்பர் கருப்பு. தர்ம பாக்கெட்டுக்கு நேராக, குழந்தைகூடப் போட்டுவிடும். மச்சானுக்கு மூன்று உள்ளே போயிருந்தது. எனக்கு நாலு எலுமிச்சை சோடா. கை கல் மாதிரி நின்றது.

பதமாகத் தட்டினேன். நழுவும் என்று ஒரு விரல்கடை தள்ளிக் குறி வைத்துவிட்டேன், பழக்க தோஷம். டேபிள் நேராக இருந்தது. பந்தும் நேராகப் போய், பாக்கெட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. எதிர் ஜோடியில் இருந்த பல் டாக்டர் ஊசி போட்டு, தட்டிப் பார்த்து, பிடுங்கிவிட்டார்.

போட்டோ எடுத்தார்கள். தோற்ற ஜோடியையும் ஓரத்தில் நிற்க வைத்தார்கள். ஓனரம்மா செல்போனில் காட்டினார். முதல் தடவையாக என் கண் திறந்திருக்கிறது. மச்சான் என்னோடு பேசாமல் கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

குளியலறைத் தரையை உடைத்தேன். காலையிலிருந்து உடைக்கிறேன். நன்றாக இருக்கிறது உடைப்பதற்கு. தரை காயும்வரை மனைவி குளிக்க அண்ணன் வீட்டுக்குப் போய் வர வேண்டும். போகும்போது, "அண்ணன் கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

உள் மூலையில் ஆரம்பித்தேன். வாசலில் முடித்தேன். ஒவ்வொரு டைல்ஸுக்கும் ரசமட்டம்.

ஏப்ரல் 8, புதன்

மனைவி அண்ணன் வீட்டிலிருந்து ஈரத் தலையோடு வந்தவள், வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடமாகிறது என்று தெரியவில்லை.

"என்ன?"

"அண்ணி கிட்டயும் ஒரு வைப்பர் இருக்கு."

அந்த வீட்டுக் குளியலறையும் நான் போட்டதுதான். மச்சானும் நானும் ஒரே பாட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டு போட்டது.

சாயங்காலம் போன் வந்தது. "மாப்ள." மச்சான்தான். "ஞாயித்துக்கிழமை அந்த ரசமட்டத்த எடுத்துக்கிட்டு வா. உன் தங்கச்சி உயிர எடுக்கறா." உன் தங்கச்சி என்றது அவர் பெண்டாட்டியை. அப்புறம், அவசரமாக: "காலையிலயே வந்துடு. நான் அன்னைக்குத் தொட மாட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தன் கண்ணாவது ஒழுங்கா இருக்கணும்ல?"

"என் கண்ணு ஒழுங்காத்தான் மச்சான் இருக்கு. போட்டோவப் பாருங்க."

"பார்த்தேன் பார்த்தேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 10, வெள்ளி

நாற்பத்தேழாவது நாள். தரை காய்ந்துவிட்டது.

ஐந்தரைக்குப் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். வாளி வைக்கும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். அதற்குப் பிறகு வர வேண்டிய சர்க், சர்க் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். வைப்பரைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். தண்ணீர் தானாகவே துளையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டு போகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாராட்டு ஒன்றும் இல்லை. "காப்பி போடட்டுமா?" என்றாள், அவ்வளவுதான்.

வைப்பரைத் தூக்கிப் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. கழுவித் துடைத்து, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறாள். நியாயம்தான். நாற்பத்தேழு நாள்தானே ஆகிறது. இருக்கட்டும்.