கொலுசு சத்தம் போடாத காட்சி

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பல்வலி. கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வலி பல்லில், விழித்துக்கொண்டதோ இடது காது. கொட்டகை இருட்டில் அந்தக் காதருகே உன் வாயில் கிராம்பு மணக்க மணக்க எத்தனை இந்திப் படங்களை நீ தமிழில் சொல்லியிருக்கிறாய்! அதில் பாதி பாடாவதிப் படங்கள். வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பேச்சுத்துணைக்கு டிவியைப் போட்டேன். அதில் அந்தப் படம் ஆரம்பித்துக்கொண்டிருந்தது. உன் கையிலிருந்து விமர்சனப் பக்கத்தைப் பிடுங்கிய அதே துப்பறியும் படம்.

தொண்ணூறுகளில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் நம் வார இதழ் நடந்தது. நான் பிழை திருத்துகிறவள், நீ உதவி ஆசிரியை. கச்சேரி ரோட்டில் உன் வீடு. வீட்டில் உருது பேசுகிறவள் என்பதால் இந்திப் பட விமர்சனத்தை உன் தலையில் கட்டினார்கள். நீயோ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாய்.

தியேட்டர்காரர்கள் பத்திரிகைகளுக்குப் பாஸ் கொடுப்பது சனிக்கிழமை மேட்னிக்குத்தான். நமக்கு அது தோதாகவும் இருந்தது. "வெள்ளிக்கிழமை விளக்கேத்தற நேரத்துல பொண்ணுக்கு சினிமா என்ன வேண்டிக்கிடக்கு?" என்று என் அம்மா வாசலிலேயே மறித்துவிடுவாள். எனக்கு இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாது. நீ சொல்ல நான் கேட்பேன். சிரிக்க வேண்டிய இடத்தில் கொட்டகையே சிரித்து முடித்த பிறகு நான் தனியாகச் சிரிப்பேன். "ட்யூப்லைட்டு!" என்று இடிப்பாய்.

அந்த வாரம் மட்டும் உன்னால் பொறுக்க முடியவில்லை. "கொலைகாரன் யாருன்னு எவனாச்சும் பஸ்ஸுல சொல்லிட்டா இன்னாடி பண்றது? நான் இன்னைக்கே போறேன். நாளைக்கு உன்கூட இன்னொரு தரம் பாக்குறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை சொந்த டிக்கெட்டில் தனியாகப் போனாய். மறுநாள் காலையில் விமர்சனம் என் மேஜைக்கு வந்தது. படத்தில், மாடியில் குடியிருந்தவனை அந்த வீட்டு அண்ணி கொல்கிறாள். ஏன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. போலீஸ் போன பிறகு அவள் செத்தவனின் அறைக்குள் போகிறாள், பெட்டியடியில் தன் தங்கையின் ஒற்றைக் கொலுசைக் கண்டெடுக்கிறாள். குளத்தில் தவறி விழுந்து செத்தாள் என்று ஊரே நம்பிய தங்கை. 'கொலுசு சத்தம் போடாமல் முந்தானையில் சுற்றிக்கொள்கிறாள் பாருங்கள், அங்கேதான் இந்தப் படம் இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். எனக்குத் திருத்த ஒன்றுமில்லை. பக்கம் அச்சுக்குப் போயிற்று, நாம் மேட்னிக்குப் போனோம்.

போலீஸ் ஜீப் கிளம்பியது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். "இரு, இப்ப வரும்." வரவில்லை. திரையில் கோர்ட் வந்தது. "இல்லடி, நடுவுல ஒண்ணு கீது" என்றாய். சற்றுப் பொறுத்து, "அப்புறம் வரும்போல" என்றாய். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். நீ எழுந்திருக்கவில்லை.

மேனேஜரிடம் போய்க் கேட்டோம். "வந்த பொட்டி அப்படியேதான் ஓடுதும்மா" என்றார். படம் ரொம்ப நீளம், நாலு காட்சி ஓட்டியாக வேண்டும். பேச்சில்லை, பாட்டில்லை, சண்டையில்லை என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே அதைத்தான் கத்தரித்திருப்பார்கள் என்பது இன்றைக்கும் என் எண்ணம். அன்றைக்கு அதை வைத்துக்கொண்டு யாரிடம் வழக்காடுவது?

மற்ற பத்திரிகைகள் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டின. எல்லோரும் சனிக்கிழமை பாஸில் பார்த்தவர்கள். 'கொலைகாரி யார் என்று தெரிகிறது, ஏன் கொன்றாள் என்று டைரக்டருக்கே தெரியவில்லை' என்று ஒருவர் எழுதினார். நம் இதழுக்கோ வாசகர்கள் வரிசையாக எழுதினார்கள்: 'உங்கள் விமர்சகர் படம் பார்த்தாரா, தியேட்டரில் தூங்கிக் கனவு கண்டாரா?' ஆசிரியர் நல்ல மனிதர்தான். "ஒருத்தர் சொன்னா விட்டுடலாம்மா. ஊரே சொல்றதே" என்றார். அடுத்த வாரத்திலிருந்து உனக்குச் சமையல் குறிப்பு. படம் அதற்குள் பெட்டி கட்டிவிட்டது. வேறு ஊரில் தேடிப் பார்க்கவும் வழியில்லை.

சமையல் குறிப்பையும் நீ நன்றாகத்தான் எழுதினாய், பாவி. அது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

விமர்சனப் பக்கம் பறிபோன அன்று பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் உன்னிடம், "நான் உன்னை நம்பறேன்டி" என்றேன். நீ சிரித்தாய். "நீ நம்புவே. அது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது, நானும் பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள்" என்றாய். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால் நீதான் முதலில் சண்டைக்கு வருவாய். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

அதன் பிறகு நாம் சினிமாவுக்குப் போகவில்லை. நான் கூப்பிட்டேன், உனக்கு வேலை இருந்தது. மறுபடி கூப்பிட்டேன், தலைவலி. அந்தக் காட்சியைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. கடைசியாக அடையாறில் உன் மகள் வீட்டில் நோயில் படுத்திருந்தபோது, நான் கேட்காமலே நீயாக ஆரம்பித்தாய். "விடுடி. நான்தான் எதையோ மனசுல கட்டிக்கினு எழுதிட்டேனோ இன்னாவோ." ஊர் உன்னை நம்பாமல் போனதைக்கூட நான் ஒருவழியாக விழுங்கிவிட்டேன். உன் கண்ணை நீயே சந்தேகித்தபடி போனாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

இப்போது அந்தப் படத்துக்கு ஏக மரியாதை. டிவியில் படத்துக்கு முன்னால் ஒரு இளைஞன் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, வெளிவந்தபோது யாருக்கும் புரியாமல் போன படம் என்று ஆங்கிலத்தில் உருகினான். யாருக்கும் புரியவில்லையாம்! எனக்கு வந்த கோபத்தில் பல்வலி மறந்துபோயிற்று. ரிமோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன், அப்புறம் படத்தை யார் பார்ப்பது?

படம் ஓடியது. இந்தி இன்றும் எனக்குத் தெரியாது. காதருகே யாருமில்லாமல், பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் ஜீப் கிளம்பியது. என் முழங்கையை நானே பிடித்துக்கொண்டேன்.

கோர்ட் வரவில்லை.

அவள் மாடிப்படி ஏறினாள். கதவைத் திறந்தாள். பெட்டியை நகர்த்தினாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ எனக்குச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத ஒரே காட்சி அதுதான். கொலுசை எடுத்தாள், சத்தம் போடாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். நீ எழுதியபடியே, ஒரு மயிரிழை பிசகாமல்.

கிராம்பு வாயிலேயே கரைந்துவிட்டிருந்தது. ஆளில்லாத வீட்டில், இடது பக்கம் திரும்பி வாய்விட்டே சொன்னேன்.

"நானும் பார்த்தேன்டி."