ஹோலுக்குள் எட்டு மோட்டார் சைக்கிள்

வெள்ளவத்தை,
13.08.2025

அன்புள்ள தம்பி கேதீசுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வதனியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கதிர்வேலாயுதனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகமாய் இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் அத்தானைப் பற்றி ஒரு வசனம் தொடங்கினால், நீ அடுத்த வசனத்திலேயே கார்புரேட்டருக்குப் போய்விடுகிறாய். கடிதத்தில் குறுக்கே கதைக்க முடியாதல்லவா. மகள் சாம்பவியோடு வங்கியில் வேலை செய்யும் ரூபிகா வெள்ளிக்கிழமை இரவு சூரிச்சுக்கு வருகிறாள். அவளிடம் இதையும் மிளகாய்த்தூளும் வேப்பம்பூ வடகமும் கொடுத்துவிடுகிறேன். தூளுக்குள் ஈரக்கரண்டி போடவேண்டாம் என்று வதனியிடம் சொல்லு.

அத்தானுடைய நிலைமை இதுதான். தை மாதம் வந்த ஸ்ட்ரோக்கில் வலது கையும் காலும் விழுந்தது உனக்குத் தெரியும். கை அப்படியேதான். கால் இப்போது கொஞ்சம் சொல்வழி கேட்கிறது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடப்பார். படியில் கால் வைக்கமாட்டார். பயிற்சி கொடுக்க வரும் ஷிம்னா என்ற பிள்ளை, மேல்மாடியில் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் அவரை நடத்தி நடத்தி அலுத்துப்போய், போன கிழமை என்னைத் தனியே கூப்பிட்டாள். அன்ரி, அங்கிள இந்த மாசங்களுக்குள்ள நல்லா நடக்க வெச்சாத்தான் உண்டு, பிந்தினா அந்தக் கால் பொறகு கேக்காது, கீழ ஒரு ரூம் இல்லையா என்று கேட்டாள். நான் என்ன சொல்ல. கீழே குசினி இருக்கிறது. பெரிய ஹோல் இருக்கிறது, அதோடு ஒட்டிய குளியலறையும் இருக்கிறது. ஹோலில் உன்னுடைய எட்டு மோட்டார் சைக்கிள் நிற்கின்றன. குளியலறையில் அவற்றின் டயர்கள் படுத்திருக்கின்றன. ஹோலிலிருந்து கேற் வரைக்கும், கேற்றிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு படி கிடையாது. மனுசன் நடந்தே கடலைப் பார்த்துவிட்டு வரலாம்.

கடல் காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பு துருப்பிடிக்கும் என்று ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஏசி போட்டாய். கரண்ட் பில்லையும் நீதான் கட்டுகிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்பி, இரவு பகலாக மோட்டார் சைக்கிள்களுக்கு ஏசி ஓடுகிறது, மேலே அத்தான் காற்றாடிக்குக் கீழே வியர்த்துக் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து மெக்கானிக் வின்சன்ற் வந்து ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணுகிறான். புகை நேரே மாடிக்குத்தான் வருகிறது. அத்தான் இருமுவார், நான் கதவைச் சாத்துவேன். நீ வீடியோவில் சைலன்சரைக் கிட்டக் காட்டச் சொல்லுவாய். போன மாதம் வின்சன்ற், அண்ணே, அப்பிடியே மேல போய் ஐயாவையும் காட்டவா என்று கேட்டான். நெட்வேர்க் சரியில்லை, பிறகு பாப்பம் என்று நீ சொன்னது குசினியில் நின்ற எனக்குக் கேட்டது. சைலன்சருக்கு நெட்வேர்க் நன்றாகத்தான் இருந்தது.

உன் சிநேகிதர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கொம்பனிப் பெரியவர்கள், பல் டொக்டர், யாரோ ஒரு முன்னாள் தூதுவர் என்று சனிக்கிழமைகளில் வருகிறார்கள். கொழும்பு வெயிலில் தோல் ஜக்கெட் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அதை என்னவென்று சொல்ல. சாமிப்படத்தைப் பார்த்துக் கை கூப்பாத மனிதர்கள் உன்னுடைய நோட்டன் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார்கள். ஒருவர் போட்டோவில் விழுகிறது என்று என் உடுப்புக்கொடியை அவிழ்க்கச் சொன்னார். இன்னொருவர், நீங்கள் கொடுத்து வைச்சனீங்கள் அக்கா, இந்தப் பொக்கிஷங்களோட ஒரே வீட்டில இருக்கிறியள் என்றார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். மேலே இருமுகிறது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாம்பவிக்கு நல்ல இடம் ஒன்று வந்து போனதையும் கேள். தரகர் எங்கள் வீட்டை மோட்டார் சைக்கிள் வீடு என்றுதான் அடையாளம் சொல்லியிருக்கிறார். வந்தவர்களை இருத்த ஹோல் இல்லாமல் குசினி மேசையில் இருத்தினோம். போகும் வழியில் ஹோலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நாளே சீதனத்தைக் கூட்டிக் கேட்டார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிறவர்கள் பிள்ளைக்குப் போடமாட்டார்களா என்று நினைத்திருப்பார்கள். சாம்பவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நீ அனுப்பிய அந்தக் கதிரைக்கு வருவோம். அத்தானுக்குப் படி இறங்க முடியவில்லை என்றேன். எட்டு மோட்டார் சைக்கிளை நகர்த்துவதை விட்டு, படியில் தண்டவாளம் போட்டு ஏறி இறங்கும் கதிரை ஒன்றை அனுப்பினாய். அது ஒருகொடவத்தைச் சுங்கத்தில் கிடந்து, சாம்பவி வேலைக்கு லீவு போட்டு அலைந்து, ஒருவழியாக வந்தது. பூட்ட வந்தவர்கள் தண்டவாளத்தை வைத்துப் பார்த்துவிட்டு, இது நேர்ப் படிக்குச் செய்தது, உங்கடை படி நடுவில திரும்புது என்றார்கள். படி திரும்புவது உனக்கு எப்படித் தெரியும்? சித்திரையில் வந்த பத்து நாளும் நீ ஹோலிலேதான் நின்றாய். கீழே நின்று, அத்தான், சுகமோ என்று கூப்பிட்டாய். மேலே ஏறவில்லை. கதிரை இப்போது மேலிருந்து பாதிப் படி வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. அத்தான் ஒரு நாள் ஆசைக்கு ஏறி இருந்தார். பாதியில் நின்றதும், எங்கடை கொழும்பு பஸ் மாதிரித்தான் என்று பகிடி விட்டார். பிறகு கனநேரம் அதிலேயே இருந்தார். நாலு பேரைப் பிடித்துத் தூக்கி இறக்கலாம் என்றால், நான் என்ன சாமியோ தூக்கிக்கொண்டு திரிய என்கிறார்.

நீ ஏன் ஏறி வரவில்லை என்று எனக்குத் தெரியும். கோணிப்போன அந்த முகத்தைப் பார்க்கப் பயம். எனக்கும் பயம்தான் தம்பி. ஆனால் நான் தினமும் அந்த முகத்துக்குச் சவரம் செய்கிறேன்.

உன் கூட்டத்தில் ஒரு நல்ல மனிதரையும் கண்டேன். கொட்டாஞ்சேனை ஹாட்வெயார் கடை புவாத் ஹாஜியார். இவரும் முழங்காலில் நிற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கடுகடு என்று தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் இருமல் கேட்டு, ஆரக்கா மேல என்று கேட்டார். ஏறிப்போய் அத்தானோடு அரை மணித்தியாலம் கிரிக்கெட் கதைத்தார். இறங்கி வந்து, எங்கட ஊட்டிலயும் இப்பிடித்தான் அடுக்கி வெச்சிருந்தன், பொஞ்சாதி ஜவாஹிறா மகள்ட ஊட்டுக்குப் போய் இருந்துட்டா, வண்டி போனாத்தான் வருவேன்டு சொல்லிட்டா என்றார். ஒருகொடவத்தையில் அவருக்குக் காய்ந்த களஞ்சியம் இருக்கிறது. லொறியும் தருகிறேன், வாடகை வேண்டாம் என்கிறார். நீயோ, புவாத்திடம் விட்டால் ஒரிஜினல் லைற்றைக் கழற்றிவிட்டு வேறு பூட்டிவிடுவார் என்கிறாய். இருக்கட்டும், பூட்டட்டும். ஒரு லைற்றுக்காக ஒரு மனுசனை மாடியில் வைத்திருப்பதா? வின்சன்றையும் லொறியோடு அனுப்புகிறேன், அவனே இறக்கிக் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு வரட்டும். அதற்கு மேல் நான் என்ன உத்தரவாதம் தர.

உன் பேச்சைக் கேளாமல் தள்ளிவிட எனக்குப் பெலன் இருக்கிறது. ஆனால் அத்தான் விடுகிறார் இல்லை. அவன்ரை வாயால சொல்லாமல் ஒரு சில்லும் அசையப்படாது என்கிறார். இது நீ சுவிசில் கோப்பை கழுவி எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு. நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நாங்களும் ஒருநாளும் அதை மறந்ததில்லை. இதுவரைக்கும் என் வாயைக் கட்டிப்போட்டது அதுதான். உன் மோட்டார் சைக்கிள்களில் எனக்குக் கோபமில்லை. குடியில்லை, சூதில்லை, உழைக்கிறாய், வாங்குகிறாய். பத்தொன்பது வயதில் போனவனுக்கு விளையாட நேரம் கிடைக்கவில்லை, இப்போது விளையாடட்டும் என்றுதான் சாவியைத் தந்தேன்.

இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று அடுத்த ஒழுங்கையில் பாலசுந்தரம் மாஸ்ரரின் செத்தவீடு. அவருடைய மகன் ஒரு பழைய காரை முன்விறாந்தையில் நிறுத்தி வைத்திருந்தான். அதை அசைத்தால் கெட்டுப்போகும் என்று, மாஸ்ரர் காற்று வாங்க ஒரு கதிரை போடக்கூட இடம் விடவில்லை. நேற்றுப் பெட்டி வருகிறது என்று போன் வந்ததும், நாலு பெடியன்கள் அதை ஒழுங்கைக்குத் தள்ளிவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாஸ்ரரை நல்ல விசாலமாக வளர்த்திக் கிடத்தியிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து எங்கள் ஹோல் வாசலில் இருந்தேன். இதற்கு மேல் எழுதமாட்டேன், உனக்கு விளங்கும்.

23ஆந் திகதி சனிக்கிழமை காலையில் லொறி வரும். அதற்கு முன் கூப்பிடு. வின்சன்றுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம், அத்தானுடைய போனுக்குக் கூப்பிடு. நீ சொன்னால் அவர் கேட்பார்.

முருகன் உன்னையும் உன் பிள்ளைகளையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். உன் கை இன்னும் நிறையக் கொடுக்கட்டும். போன் எடுக்க அத்தானுக்கு நேரமாகும், இடது கைதான் வேலை செய்கிறது. கொஞ்சம் அடிக்கவிடு. வைத்துவிடாதே.

என்றும் உன்னை நினைக்கும்
அக்கா தவமலர்